மார்சாலா: ஒயின் ஊரில் ஒரு காசிமேட்டு ஆசாரி

இத்தாலிக்குப் போய்விட்டு வந்தோம் என்றதும் ராயபுரத்தில் எல்லோரும் கேட்டது போப்பாண்டவரைப் பார்த்தீர்களா என்றுதான். பார்க்கவில்லை. ரோமில் விமானம் மாறியதோடு சரி. நாங்கள் போனது சிசிலித் தீவுக்கு. அங்கே பலெர்மோவில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் தம்பி வெல்டராக இருக்கிறான். "டிக்கெட்டை நான் பாத்துக்கிறேன், அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாக்கா" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு முழங்கால் நன்றாக இருக்கும்போதே போய்விட வேண்டும் என்று செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்பிவிட்டோம்.

மார்சாலாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். சிசிலியின் மேற்குக் கோடியில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். பாரிமுனையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் எனக்கு வேலை. பில் ஆஃப் லேடிங், ஷிப்பிங் பில் என்று நாள் முழுக்கச் சரக்குக் காகிதம்தான். ஒரு பொருள் எந்த ஊரில் கப்பல் ஏறுகிறது, ஏன் ஏறுகிறது, யார் யார் கைபட்டு ஏறுகிறது என்று யோசிப்பது ஊறிப்போய்விட்டது. மார்சாலா ஒயின் கப்பல் ஏறுவதற்காகவே உருவான ஒயின் என்று படித்ததிலிருந்து அந்த ஊர் மேல் எனக்கு ஒரு கண்.

குடியைப் பற்றி எழுதுகிறேனே என்று சிலர் நினைக்கலாம். எங்கள் தெருவில் குடியால் புருஷனைப் பறிகொடுத்த பெண்களோடுதான் தினமும் குழாயடியில் நின்று பேசுகிறேன். குடியைக் கொண்டாடி ஒரு வரிகூட எழுத எனக்கு மனசு வராது. ஆனால் ஒயின் எங்கள் வீட்டில் வேறு மாதிரி வந்தது. கோயிலில் பூசை ரசமாகப் பார்த்தோம். கிறிஸ்துமஸுக்கு அம்மா பீங்கான் ஜாடியில் போடுகிற திராட்சை ஒயினாகப் பார்த்தோம். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கேக் துண்டோடு சின்ன டம்ளரில் ஒரு வாய், அவ்வளவுதான். நான் எழுத நினைப்பது அந்த ஒயினுக்குப் பின்னால் இருக்கும் கைகளைப் பற்றி.

மார்சாலாவில் திராட்சை ரசம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்டு. உலகத்துக்கு அது தெரிந்தது 1773-ல். லிவர்பூலைச் சேர்ந்த ஜான் வுட்ஹவுஸ் என்ற வியாபாரி புயலுக்கு ஒதுங்கி இங்கே கரை சேர்ந்தார், ஊர்க்காரர்கள் கொடுத்த ரசம் இங்கிலாந்தில் விலைபோகும், போர்ச்சுகலின் மதீரா தீவு ஒயினின் சாயலில் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். புயல் கதை எப்படியோ, அவர் செய்த காரியம் முக்கியம். பீப்பாய்களில் திராட்சைச் சாராயத்தைக் கொஞ்சம் கலந்து அனுப்பினார். சாதாரண ஒயின் கப்பல் வெக்கையில் மாதக்கணக்கில் ஆடினால் புளித்து வினிகர் ஆகிவிடும். சாராயம் சேர்ந்து நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவில் நின்றுவிட்டால் அதற்குள் ஈஸ்ட்டும் பிழைக்காது, புளிக்க வைக்கும் கிருமியும் பிழைக்காது. எவ்வளவு தூரம் போனாலும் கெடாது. 1800-ல் ஆங்கிலேயத் தளபதி நெல்சன் தன் கடற்படைக்கு இந்த ஒயினை வாங்கினார். வுட்ஹவுஸுக்குப் பின்னால் பெஞ்சமின் இங்காம் என்ற இன்னொரு ஆங்கிலேய வியாபாரி வந்தார். 1833-ல் வின்சென்சோ ஃப்ளோரியோ என்ற இத்தாலியரே கிடங்கு கட்டினார். ஃப்ளோரியோ குடும்பம் பலெர்மோவில் மளிகை, மசாலாக் கடை வைத்து மேலே வந்த குடும்பம்.

இதே வழியில் சாராயம் கலந்த மதீராதான் சென்னைப்பட்டணத்துக்கும் கப்பல் கப்பலாக வந்தது. அப்போது நமக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிப் பீப்பாயையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். அப்பாவின் தாத்தா அதில் தண்டு வலித்தவர் என்று வீட்டில் பேச்சு உண்டு. எங்கள் ராயப்பர் கோயிலையே படகோட்டிகள்தான் கட்டினார்கள். கோட்டையில் துரைமார் குடித்த ஒயினில் படகோட்டிகளின் தோள்வலியும் உண்டு. ஒயின் வரலாறு எழுதுகிறவர்கள் அதைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

பலெர்மோவிலிருந்து மார்சாலாவுக்குத் தம்பி காரில் கூட்டிப்போனான். நேராக ஒயின் கிடங்குக்குப் போகாமல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதுவும் ஒரு காலத்தில் ஒயின் கிடங்குதான். பாலியோ அன்செல்மி என்று பெயர். நடுவில் முற்றம், சுற்றிலும் மதில், உள்ளே நீள நீளமாக வளைவுக் கூடங்கள். பீப்பாய்கள் அடுக்கியிருந்த கூடத்தில் இப்போது ஒரு கப்பல் இருக்கிறது.

வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜ் நகரத்துக்காரர்களின் கப்பல். ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போர்க் காலத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், ஊருக்கு வடக்கே ஆழமில்லாத கடலில் மூழ்கியது. ஹானர் ஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலேயப் பெண் ஆய்வாளர் 1971-ல் தொடங்கிப் பல ஆண்டு கடலுக்கடியில் வேலை பார்த்து அதை வெளியே கொண்டுவந்தார். முழுக் கப்பலும் சுமார் 35 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்கிறார்கள். கிடைத்தது பின்பக்கமும் இடதுபக்கத்தில் ஒரு பகுதியும்தான். அந்தப் பலகைகளை இரும்புச் சட்டத்தில் பொருத்தி, இல்லாத பாகத்தை வெறும் கோடாகக் காட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்பா படகு கட்டும் ஆசாரி. காசிமேட்டில் மரப்படகு கட்டிய காலம் முழுக்க அங்கேதான் இருந்தார். அப்புறம் ஃபைபர் வந்தது. மர வேலை குறைந்து, பழுது பார்ப்பது மட்டும் மிச்சமாகி, கடைசியில் அதுவும் நின்றது. அருங்காட்சியகம் என்றால் அவருக்கு ஆர்வம் கிடையாது. வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றுதான் சொன்னார். அம்மாதான் "வெயில்ல எதுக்கு உக்காந்துக்கினு, உள்ள வாங்க" என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

கப்பலைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிட்டே போனார். ஒரு சுற்று சுற்றி வந்தார். மறுபடி ஒரு சுற்று. அப்புறம் குனிந்து அடியில் பார்த்தார்.

"ஏராவைப் பாரு. இந்தக் கட்டையை எடுத்தவன் மரம் தெரிஞ்சவன்" என்றார்.

ஏரா என்பது படகின் அடிமரம். அதை வைத்து, முன்னால் அணியம் நிறுத்தி, விலா எலும்பு மாதிரி வங்குகளை நிறுத்திவிட்டுத்தான் பலகை அடிப்போம் என்று அவர் சொல்வார். இந்தக் கப்பலில் அது தலைகீழ். பலகையின் விளிம்பில் துளை வெட்டி, அதில் கழுந்து என்ற மரத்துண்டைச் செருகி, அடுத்த பலகையை அதன்மேல் இறக்கிப் பூட்டியிருக்கிறார்கள். அப்படியே மேலே மேலே பலகையாலேயே உடம்பை எழுப்பிவிட்டு அப்புறம் உள்ளே வங்கு வைத்திருக்கிறார்கள். வெளியே ஈயத் தகடு போர்த்தியிருந்ததாம். கப்பலின் எடை நிற்க அடியில் போட்ட கற்களுக்குக் கீழே பரப்பிய இலையும் குச்சியும்கூடச் சேற்றில் கெடாமல் கிடைத்திருக்கின்றன. இதையெல்லாம் விளக்கப் பலகையில் இருந்து தம்பி படித்துச் சொல்லச் சொல்ல, அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கழுந்து விஷயத்தை அவர் ஏற்கெனவே கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அவரை நிறுத்தி வைத்தது எழுத்துகள். பலகைகளில் பியூனிக் எழுத்துகளைப் பெயிண்ட்டால் எழுதியிருக்கிறார்கள். கோடுகளும் குறிகளும் கூட இருக்கின்றன. "இன்னா எழுதிக்கிறான், சாமி பேரா?" என்றார் அப்பா. இல்லை, எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று கட்டியவர்களே போட்ட அடையாளம் என்று தம்பி சொன்னான். முன்கூட்டியே துண்டு துண்டாக அறுத்து வைத்து, எழுத்தைப் பார்த்து வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நானும் போட்டேனே. ஒவ்வொரு வங்குலயும் பென்சில்ல நம்பர் போடுவேன். அறுக்கறவன் ஒருத்தன், மாட்டறவன் ஒருத்தன். எழுதலைன்னா எது எங்கன்னு எப்பிடித் தெரியும்? பெயிண்ட் அடிச்சாப் போச்சு, அத யாரு பாக்கப்போறா."

அவர் போட்ட நம்பரை யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். அவர் கட்டிய படகுகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. பழசானதும் உடைத்து, இரும்பையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, பலகை அடுப்புக்குப் போனது. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆசாரி போட்ட எழுத்துக்கு ஓர் ஊரே கூடம் ஒதுக்கி, காற்றின் ஈரத்தை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது. காவலுக்கு இருந்த அம்மாள் என்ன என்று கேட்க, இவர் படகு கட்டுகிறவர் என்று தம்பி இத்தாலியில் சொன்னான். அவர் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து கப்பலுக்கு எதிரே போட்டார். அப்பா அதில் உட்கார்ந்தார். மூடும் நேரம் வரை எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் ஃப்ளோரியோ கிடங்கு. கடற்கரைச் சாலையை ஒட்டிய பெரிய வளாகம். உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. கல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கு எட்டும் வரை போகின்றன, இரு பக்கமும் பீப்பாய்கள். தரையில் ஓடு கிடையாது. அந்த ஊர்க் கல்லை உடைத்த மணலைப் பரப்பியிருக்கிறார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பீப்பாய் மரம் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. எத்தனை காத்தாலும் மரத்தின் வழியாக வருஷாவருஷம் கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும். இருபது, முப்பது வருஷம் வைத்த பீப்பாயில் பாதி காற்றோடு போயிருக்கும். விலை ஏன் ஏறுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்பா இங்கேயும் மரத்தைத்தான் பார்த்தார். பீப்பாயில் பசையும் இல்லை, பலகைக்குப் பலகை ஆணியும் இல்லை. ஒவ்வொரு பலகையையும் இரண்டு நுனியும் ஒடுங்கச் செதுக்கி, நெருப்பில் காட்டி வளைத்து, இரும்பு வளையத்தைத் தட்டித் தட்டி இறக்கி இறுக்குகிறார்கள். சூடு காட்டி வளைப்பது அப்பாவுக்குக் கைவந்த வேலை. அணியத்துப் பக்கம் பலகை வளைக்க அவர்களும் அதைத்தான் செய்வார்கள். "கலப்பத்து அடிக்காமயே ஒழுகாம நிக்குது பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பலகைகளுக்கு நடுவே பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைப்பதுதான் கலப்பத்து. பீப்பாயில் அந்த வேலையை ஒயினே செய்துவிடுகிறது. மரம் ஊறிப் பெருத்து, சந்து தானாக மூடிக்கொள்கிறது.

கிடங்கைக் காட்டிய பெண் வகைகளைச் சொன்னார். ஓரோ பொன்னிறம், ஆம்ப்ரா தேன் நிறம், ரூபினோ சிவப்பு. ஃபீனே என்றால் ஒரு வருஷம் வைத்தது, சுப்பெரியோரே இரண்டு வருஷம், ரிசெர்வா நான்கு வருஷம். வெர்ஜினே என்பது ஐந்து வருஷம் மரத்தில் இருந்தது, அதில் இனிப்புக்காக எதுவும் சேர்ப்பதில்லை. ஆம்ப்ராவுக்கு நிறம் வருவது காய்ச்சிச் சுண்டவைத்த திராட்சைச் சாற்றால்.

அம்மா ருசி பார்த்தாள். வெர்ஜினேயை நாக்கில் வைத்துவிட்டு முகம் சுளித்தாள், ஆனால் கீழே வைக்கவில்லை. அக்ரூட் மாதிரி வருகிறது, ஆரஞ்சுத் தோல் வருகிறது, கடைசியில் உப்புக் கரிக்கிறது என்றாள். அவள் சொன்ன உப்பைத்தான் அந்தப் பெண்ணும் சொன்னார், கடற்காற்று வீசும் தோட்டத்துத் திராட்சை என்று. ஆம்ப்ரா அம்மாவுக்குப் பிடித்தது. பேரீச்சம்பழம் நன்றாகத் தெரிகிறது என்றாள். நானும் ஒவ்வொரு வாய் பார்த்தேன். தம்பி கார் ஓட்ட வேண்டும் என்று தொடவில்லை. அப்பா என்றைக்குமே குடித்ததில்லை, அங்கேயும் குடிக்கவில்லை.

திராட்சை பற்றித்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அம்மா கிறிஸ்துமஸ் ஒயினுக்கு வாங்குவது பன்னீர் திராட்சை. கொத்தவால்சாவடியில் வியாபாரம் இருந்த காலத்தில் கூடையோடு வாங்கி வருவாள், இப்போது எம்.சி. ரோடு பக்கம் தள்ளுவண்டியில் வாங்குகிறாள். கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்து ஜாடியில் கட்டி வைப்பாள். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும், அதற்கு உலோகக் கரண்டி ஆகாது. அந்தப் பன்னீர் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்கள், 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெளிநாட்டில் இந்த வகைக்குப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதன் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற பழைய திராட்சை.

மார்சாலாவின் முக்கியத் திராட்சை கிரில்லோ. 1874-ல் அந்தோனியோ மெந்தோலா என்ற சிசிலிப் பிரபு இரண்டு வகைகளை இனக்கலப்புச் செய்து உண்டாக்கியது. ஒன்று கத்தர்ராத்தோ. இன்னொன்றை அங்கே சிபிபோ என்கிறார்கள், அது அதே அலெக்சாந்திரியா மஸ்கட்தான். ஆகக் கம்பத்துப் பன்னீர் திராட்சையும் மார்சாலா கிரில்லோவும் ஒரு வழியில் உடன்பிறப்புகள். இதை நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. கிடங்குக்கு வெளியே தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. காற்றுக்குத் தாழக் குனிந்த குட்டைக் கொடிகள், சிவப்பு மண். ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார்கள். அம்மா தோலை நீக்கிச் சாப்பிட்டுவிட்டு, "வாசம் வரல, ஆனா சொந்தம்தான்" என்றாள். பன்னீர் வாசம் கிரில்லோவில் அவ்வளவாக இல்லை, அதைத்தான் சொன்னாள்.

மார்சாலாவின் பெயர் ஒரு கட்டத்தில் ரொம்பக் கெட்டுப்போனது. முட்டை, காபி, பாதாம் என்று கண்டதையும் கலந்து மலிவாக விற்று, கடைசியில் கோழிக் குழம்பில் ஊற்றுகிற சமையல் ஒயின் என்றே உலகம் நினைத்தது. 1984-ல் சட்டம் போட்டு இந்தக் கலவைகளுக்கு மார்சாலா என்ற பெயரே கூடாது என்றார்கள். அதற்கும் முன்னால், 1980-ல், மார்கோ தெ பார்தோலி என்பவர் தனி ஆளாக ஒரு காரியம் செய்தார். வுட்ஹவுஸ் வருவதற்கு முந்தைய முறைக்குப் போனார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பீப்பாய் இருக்கும். கல்யாணம், பிரசவம் என்றால் அதிலிருந்து எடுப்பார்கள், எடுத்த அளவுக்குப் புது ரசம் ஊற்றி நிரப்புவார்கள். நம் வீட்டு உறைமோர் மாதிரி, பீப்பாய் ஒருநாளும் முழுசாகக் காலியாகாது, தாத்தா காலத்துத் துளி பேரன் கோப்பையில் இருக்கும். இதற்கு சாராயம் தேவையில்லை, காலமே அதைக் கெட்டிப்படுத்திவிடும். தெ பார்தோலி அப்படிச் செய்து, சாராயம் கலக்காமல் வெக்கியோ சாம்பெரி என்று விற்றார். சாராயம் கலக்கவில்லை என்பதாலேயே அதன்மேல் மார்சாலா என்று எழுத முடியாமல் போனது. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை. 2011-ல் காலமாகிவிட்டார், பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

ஊருக்குள் சுற்றும்போது பல இடத்தில் புதுக் கட்டடங்களுக்கு நடுவே பழைய சுவர் மட்டும் நிற்கும். மே 11, 1943 அன்று நேச நாட்டு விமானங்கள் மார்சாலாமீது குண்டு போட்டன, ஏராளமானோர் செத்தார்கள், ஒயின் கிடங்குகளும் இடிந்தன. அதே மே 11-ல்தான், 1860-ல், இத்தாலியை ஒரே நாடாக்கப் போரிட்ட கரிபால்டி ஆயிரம் பேரோடு இங்கே வந்து இறங்கியிருந்தார். துறைமுகத்தில் ஆங்கிலேயர் ஒயின் கிடங்குகளும் கப்பல்களும் இருந்ததால் எதிரிக் கப்பல் சுடத் தயங்கியது, அது அவருக்குச் சாதகமாகிவிட்டது என்கிறார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இது புதிது இல்லை. 1914 செப்டம்பரில் எம்டன் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது வடசென்னைதான் முதலில் தீயைப் பார்த்தது.

ஊர்ப் பெரிய கோயில் புனித தோமையாருக்கு என்றதும் அம்மா ஆசையோடு உள்ளே போனாள். அது நம் சின்னமலைத் தோமையார் இல்லை, இங்கிலாந்தின் கான்டர்பரித் தோமையார். அம்மா அதற்கெல்லாம் கவலைப்படவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மார்சாலாவுக்கு வடக்கே கடல் ஓரமாக உப்பளங்கள், திராபனி வரை. அம்மா பிறந்தது அத்திப்பட்டுப் பக்கம், சிறுவயதில் வல்லூர் உப்பளத்தில் வாரியவள். காரைவிட்டு இறங்கியதும் அவள் முகமே மாறிவிட்டது. கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, ஒவ்வொரு பாத்தியிலும் கனமாகி, கடைசிப் பாத்தியில் இளஞ்சிவப்பாகி உப்பாகிறது. முன்பு நீரை இறைத்த காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன. குவித்த உப்பின்மேல் நம் ஊரில் பனையோலை மூடுவோம், அங்கே வரிசையாகச் சுட்ட ஓடு அடுக்குகிறார்கள். "ஓலையை வருஷா வருஷம் மாத்தணும், ஓடு நிக்கும்" என்றாள் அம்மா. அந்த உப்புக்கும் புவிசார் குறியீடு உண்டு, பறவைகளுக்காக அந்த இடத்தையே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவள் வாரிய உப்பளம் இன்று சாம்பலும் கன்டெய்னர் யார்டுமாக இருக்கிறது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: எண்ணூர் முதல் காட்டுப்பள்ளி வரை இருந்த உப்பளம் எங்கள் ஊர்ச் சொத்து, அதை அழித்தது அநியாயம்.

உப்பளத்துக்கு எதிரே மோசியா தீவு. பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீஷியர்களின் பழைய ஊர், கி.மு. 397-ல் சிராகூஸ் மன்னன் அழித்தது, தப்பியவர்கள் கட்டிய ஊர்தான் மார்சாலாவின் ஆரம்பம். தீவை வாங்கித் தோண்டிப் பார்த்தவர் ஜோசப் விட்டேக்கர், அவரும் ஒயின் வியாபாரக் குடும்பம். தீவுக்கும் கரைக்கும் நடுவே ஃபினீஷியர் போட்ட கல்பாதை தண்ணீருக்கடியில் கிடக்கிறது. உயரச் சக்கர வண்டியில் திராட்சை ஏற்றி அதன்மேல் ஓட்டி வந்தார்களாம், இருபதாம் நூற்றாண்டு வரைகூட. வெயில் ஏறிவிட்டதால் தீவில் ரொம்ப நேரம் இருக்கவில்லை.

பலெர்மோவில் தம்பி குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த நகரத்தில் ஈழத் தமிழர்கள் நிறையப் பேர். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் சேர்ந்து, பலெர்மோவின் பாதுகாவலியான சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக்கு மலை ஏறுகிறார்கள். நாங்கள் இருந்தபோது செப்டம்பர் 4 திருநாள் வந்தது, அந்த அக்காவோடு அம்மாவும் ஏறினாள். அன்றிரவு அவர்கள் வீட்டில் இடியப்பம், சொதி. "நீங்கள் மார்சாலா போனீங்களோ? நாங்கள் இத்தனை வருசமா இஞ்ச இருந்தும் போகேல்லை" என்றார் அந்த அக்கா. அப்பா அவரிடம் கப்பலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தேன். படகின் ஒவ்வொரு பாகத்துக்கும் காசிமேட்டில் என்ன பெயர், எந்த மரம், எப்படிச் செதுக்குவார்கள், எந்த வரிசையில் மாட்டுவார்கள் என்று அவர் சொல்ல நான் எழுதுகிறேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை ஓடுகிறது. அவரோடு வேலை செய்த இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், பெயரில் சண்டை வந்தால் அவர்களைப் போய்க் கேட்கிறோம். ராயபுரம் ரயில் நிலையம் 1856-லிருந்து நிற்கிறது. அந்த மாதிரி ஒரு கட்டடத்தில் ஒரே ஒரு மரப்படகையாவது நிறுத்தி வைக்க இடம் கிடைக்குமா என்று கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மனுவோடு இந்த நோட்டும் போகும்.

படம்தான் குறைகிறது. காசிமேடு, புதுமனைக்குப்பம், திருவொற்றியூர்க் குப்பம் பக்கம் யார் வீட்டிலாவது மரப்படகு கட்டும்போது எடுத்த பழைய படம் இருந்தால், கல்யாண ஆல்பத்தில் பின்னால் தெரிகிற படகாக இருந்தால்கூட, கீழே எழுதுங்கள். நானே வந்து நகல் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த பதிவில் ஏராவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.